பதிவில் இல்லாத நாலு பேனல்

அக்கா வீட்டு மாடியில் சோலார் பேனல் ஏறிய அன்று, வந்தவர்களுக்கு டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கி மேலே கொண்டுபோனவள் நான். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. மாமனார் விட்டுப்போன ஒரே மனையைச் சரிபாதியாகப் பிரித்துக் கட்டிய இரண்டு வீடுகள் எங்களுடையவை. நடுவில் இடுப்பளவுச் சுவர். தெருவில் ஒரே மின்கம்பம். அதிலிருந்து ஒரு ஒயர் அவர்கள் வீட்டுக்கும் இன்னொன்று எங்கள் வீட்டுக்கும் வருகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தெரு. அங்கே அவளைப் பெரியவள் என்பார்கள், என்னைச் சின்னவள் என்பார்கள். இருபது வருடங்களாக எனக்கு அதுதான் பெயர்.

மாடியில் அக்காவின் மகன் நின்றிருந்தான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. போனிலேயே விண்ணப்பம் போட்டு, போனிலேயே அனுமதி வாங்கி, பன்னிரண்டு பேனல்களை இரண்டு வரிசையாகத் தெற்கு பார்த்து நிறுத்தியிருந்தான். மின் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தார், தாளில் டிக் போட்டார். கீழே இறங்கி வந்து பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே வருகிற கரண்ட்டையும் வெளியே போகிற கரண்ட்டையும் தனித்தனியாகக் காட்டும் புது மீட்டரை மாட்டி சீல் வைத்தார்.

"பதிவு ஆயிடுச்சும்மா. இனிமே உங்க வூட்டு கரண்டு எங்க லைனுக்கு வரும்," என்றார்.

அக்கா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஊருக்கே இவள்தான் படியளக்கப் போகிறாள் என்பதுபோல ஒரு சிரிப்பு.

"சின்னவளே, ஒரு போட்டோ எடுடி," என்று போனை என் கையில் திணித்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேனலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் தலைக்கு மேல் வானத்தை நிறைய விட்டு, அவளைக் கீழே ஒரு மூலையில் சின்னதாக வைத்து எடுத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு வாழ வந்தவர்களில் காலேஜ் படி ஏறியவள் நான் ஒருத்திதான். அக்கா எட்டாவதோடு நின்றவள். இருந்தும், எது வந்தாலும் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வந்தது. பிரிட்ஜ் அங்கேதான் முதலில் வந்தது. போர் போட்டபோது அவர்களுக்கு நல்ல தண்ணீர், பத்தடி தள்ளிப் போட்ட எங்களுக்கு உப்புத் தண்ணீர். அவள் மகன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். என் மகள் அப்போதுதான் பிளஸ் டூ. அவள் எங்கே படிப்பாள், என்ன ஆவாள் என்ற கவலை எனக்கு ஓயாது. அந்தக் கவலையோடு சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன். அக்கா கவலையே இல்லாமல் கருவேப்பிலை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கெடுதல் செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பேனல் போட்ட பத்தாம் நாள் பகலில் கரண்ட் போயிற்று. தெருவே வெளியில் வந்து நின்றது. எல்லாருடைய கண்ணும் அக்கா வீட்டின் மேல். அவர்கள் வீட்டிலும் ஃபேன் நின்றுபோயிருந்தது. அக்கா விசிறியோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னா பெரியவளே, பன்னெண்டு பேனலு போட்டுகினு பனவோல விசிறிதானா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

அவள் மகன் பொறுமையாக விளக்கினான். பதிவு செய்த பேனல் அப்படித்தானாம். லைனில் கரண்ட் போனால் பேனலோடு மாட்டிய இன்வெர்ட்டர் மெஷின் தானாக நின்றுவிடுமாம். இல்லாவிட்டால் வெயிலில் வரும் கரண்ட் வெளியே போய், கம்பத்தில் வேலை செய்கிற ஆளை அடித்துவிடும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிகம் சிரித்தவள் நான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு யோசனை வந்தது. கரண்ட் போனாலும் எரிகிற சோலார் ஒன்று என் வீட்டில் இருந்தால்?

"அண்ணன் வூட்ல இன்னா வந்தாலும் நம்ப வூட்லயும் வரணுமா?" என்று என் கணவர் கேட்டார். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூர்.

"பொண்ணு படிக்கறதுக்கு," என்றேன். அது பொய்யில்லை. பகலில் கரண்ட் போகும்போது வேர்த்து வழிய அவள் படிப்பதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் தம்பி ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் சீரியல் லைட் கட்டுவது அவன் தொழில். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கிருந்தோ நாலு பேனல், இரண்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் கொண்டுவந்து இறக்கினான். பின்பக்கத்து ஷீட் கூரை மேல் பேனலைக் கம்பியால் கட்டினான்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணுமாடா?" என்றேன்.

"நாலு பேனலுக்கு இன்னாத்துக்கு யக்கா? எழுதிக் குடுத்தா எர்த்து எங்க, சுவிட்ச் எங்க, போட்டவன் லைசென்ஸ் எங்கன்னு கேப்பான். என்கிட்ட ஏது லைசென்ஸ்?" என்று சிரித்தான்.

வீட்டு ஒயரிங்கை அவன் தொடவில்லை. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு ஒயரைக் கொடுத்தான். திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்ட்டை ஒரு வீட்டுக்குள் விட அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். ஒரு முனையை இன்வெர்ட்டரில் சொருகி, மறு முனையை ஹாலில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட்டில் சொருகினால் போதும். பிளக் பாயிண்ட் வழியாகக் கரண்ட் உள்ளே புகுந்து வீடு முழுக்க எரியும். ரீடிங் எடுக்க ஆள் வந்தால் உருவிச் சுருட்டிவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு யக்கா. மொதல்ல மெயின ஆஃப் பண்ணு, அப்றம் சொருகு. மாத்திப் பண்ணிடாத. பாப்பா, நீயும் கேட்டுக்கோ."

என் மகள் ஒரு தாளில் 'முதலில் மெயின்' என்று பெரிய எழுத்தில் எழுதி பிளக் பாயிண்ட்டுக்கு மேல் ஒட்டினாள்.

அடுத்த வாரமே கரண்ட் போயிற்று. மெயினை அணைத்துவிட்டு ஒயரைச் சொருகினேன். ஃபேன் சுற்றியது, டி.வி. பாடியது. சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது.

"ஏய், உன் வூட்ல மட்டும் கரண்டு கீதா?"

"நம்புளுது எப்பவும் கீதுக்கா."

கொஞ்ச நேரத்தில் ஊறவைத்த உளுந்தை எடுத்துக்கொண்டு வந்தாள், என் கிரைண்டரில் ஆட்ட. பின்பக்கம் போய் நாலு பேனலையும் பார்த்தாள். "சின்னதா நல்லா கீதுடி. சீக்கிரம் எழுதிக் குடுத்துடு, தகராறு இல்லாத இருக்கும்," என்றாள். கிரைண்டர் ஓடி முடியும்வரை என் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் ஒன்று கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

கார்த்திகையில் ஒரு புயல் கரையைத் தொடாமல் கடலை ஒட்டியே வடக்கே போயிற்று. இரவெல்லாம் காற்று. காலையில் பார்த்தால் கம்பத்துக்குப் பக்கத்தில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து, எங்கள் இரண்டு வீட்டு ஒயரையும் கம்பத்திலிருந்து அறுத்துக்கொண்டு கீழே கிடந்தது. பத்து மணிவாக்கில் லைன்மேன் வந்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான். புயல் மழை என்றால் வீட்டில் அவருக்குச் சோறு தண்ணீர் கிடையாது. டிரான்ஸ்பார்மரில் தெரு லைனை நிறுத்திவிட்டு வந்து, மூங்கில் ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார்.

ஏறுவதற்கு முன் எப்போதும் போலக் கத்தினார்: "பெரியவளே, சின்னவளே! ரெண்டு வூட்லயும் மெயின ஆஃப் பண்ணுங்க! ஆச்சா?"

"ஆச்சுண்ணே!" என்றேன், சமையலறையிலிருந்து.

நான் அணைக்கவில்லை. மெயின் இருப்பது வெளித் தாழ்வாரத்தில். அங்கே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒயரே அறுந்து தரையில் கிடக்கிறது, இதில் மெயினை அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். படித்தவளின் கணக்கு.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "சட்னிக்கு எல்லாம் எடுத்து வெச்சேன். இனிமே எங்க போயி அம்மியத் தேடறது?"

அதைக் கேட்டதும் என் கை தானாகப் போயிற்று. ஒயரை எடுத்து ஹாலில் சொருகினேன். தாளில் எழுதியிருந்தது கண்ணெதிரே இருந்தது. மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓடவிட்டேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று தேவைக்கு மேலேயே ஓடவிட்டேன்.

மிக்ஸி சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. அது ஒரு மனிதனுடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. என் மகள் ஜன்னலருகே படித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, ஒயரு!" என்று அலறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். பிளக் பாயிண்ட்டிலிருந்து அதை ஒரே இழுப்பாக உருவினாள். மிக்ஸி நின்றது. வெளியே தொப்பென்று விழுந்த ஓசை.

நான் திரும்பியபோது அவள் கையில் அந்த முனை இருந்தது. பித்தளைப் பின் இரண்டும் அவள் மணிக்கட்டைப் பார்த்து நின்றன. மறு முனை இன்னும் இன்வெர்ட்டரில்தான் இருந்தது. அந்தப் பின்னில் கரண்ட் இருந்தது. விரற்கடை தூரம். "அசையாத!" என்றேன். இன்வெர்ட்டரை அணைக்க நாலு அடி நடக்க வேண்டும். அந்த நாலு அடியை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை. இன்றும் அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடினால் என் கண் மகளுடைய கையைத்தான் தேடுகிறது.

லைன்மேன் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் குவியலில் விழுந்திருந்தார். அதனால் உயிர் இருந்தது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அக்காவின் மகன் காரில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கூட்டம் கலைவதற்குள் நான் உள்ளே போய் ஒயரைச் சுருட்டி அரிசி டிரம்மில், அரிசிக்கு அடியில் புதைத்தேன். என் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுவரிலிருந்த தாளைத் தானே கிழித்து எடுத்தாள்.

மதியம் அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு வீட்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து மேலுறையைச் சீவிக்கொண்டிருந்தாராம் லைன்மேன். எதிலிருந்து அடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் கண் நேராக அக்கா வீட்டு மாடிக்குத்தான் போயிற்று.

"பக்கத்து வூட்ல ஏதாச்சும் இருக்கா?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"அவ வூட்ல சும்மா பேட்டரி சார்," என்றாள் அக்கா. பதியாத பேனல் என்று தெரிந்தால் எனக்குத் தொல்லை வரும் என்று மறைத்தாள். "அவ மெயின ஆஃப் பண்ணிட்டா. ஆச்சுண்ணேன்னு சொன்னத நானே இந்தக் காதால கேட்டேன்."

"சரி. உங்க வூட்டு மெயின்?"

அக்கா திரும்பித் தன் மெயினைப் பார்த்தாள். "பண்ணேன்னுதான் நெனைக்கிறேன் சார். மாடில துணி நனையுதுன்னு ஓடினேன். அதுக்கு முன்னாடி பண்ணேனா..." அவள் முகம் வெளுத்தது. "தெரியல சார்."

வேறு ஆள் ஏறி ஒயரை இணைத்த பிறகு அக்கா வீட்டு மெஷினைச் சோதித்தார்கள். லைனை நிறுத்தியதும் அது ஒழுங்காக நின்றது. "இப்ப நிக்குது. காலைல நின்னுச்சான்னு இது சொல்லாது," என்றார் அதிகாரி. விசாரணை முடியும்வரை சோலார் இணைப்பு நிறுத்தப்படுகிறது என்று எழுதி, மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் இன்னொரு சீல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் எங்கள் பின்பக்கம் நின்று அவள் மாடியைப் பார்த்தேன். பன்னிரண்டு பேனலும் வெறும் கண்ணாடியாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், என் மகள் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். அந்த நேரத்திலும் எனக்குள் ஓரமாக ஒரு நிம்மதி இருந்தது. அதை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நல்ல சொல் தேடினால் பொய்யாகிவிடும்.

லைன்மேனின் மனைவி மூன்றாம் நாள் வந்தாள். அக்கா வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உங்களுக்குக் காசு மிச்சம் புடிக்க எம் புருசன் சாவணுமா? இந்தக் கையால இனிமே இன்னா வேல செய்வாரு? நீ வந்து சோறு போடுவியா?" தெரு பூராவும் பார்த்தது. அக்கா வெளியே போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போடறேம்மா," என்றாள். கத்த வந்தவள் அக்காவின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அது என் வாசலில் நடந்திருக்க வேண்டியது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து அக்கா தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனாள். அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் வீட்டுக்குப் போனாள். ஊசிக்கு வரிசையில் நின்றாள், அவர் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டாள் என்றெல்லாம் செய்தி வரும். தெருவில் பேச்சு மாறிப்போயிற்று. முதல் வாரம் அவளைத் திட்டியவர்கள், "தப்பு யாருதான் பண்ணல? அத ஒத்துகினு இப்டி ஓடி ஓடிச் செய்யறவ எவ கீறா?" என்று பேச ஆரம்பித்தார்கள். பெரியவள் உண்மையிலேயே பெரியவள் என்றார்கள்.

எனக்கு அது தாங்கவில்லை. மற்றவர்களுக்கு இது விளங்குமா தெரியாது. தப்பு என்னுடையது. அந்தத் தப்பைக்கூட அவள் எடுத்துக்கொண்டு, அதிலும் என்னைவிட நல்ல பெயர் வாங்கிவிட்டாள். என் வீட்டில் செய்ததை வைத்து அவள் உயர்கிறாள் என்று எனக்கு எரிந்தது. அப்படி எரிவதை நினைத்து என்மேலேயே அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்தும் எரிச்சல் அணையவில்லை.

அவள் இளைத்துப்போனதையும் பார்த்தேன். சாயங்காலங்களில் தன் மெயின் சுவிட்ச்சுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி இறக்கி, அன்று என்ன செய்தோம் என்று நினைவுபடுத்திப் பார்ப்பாள். "கை இப்டிப் போன மாரி கீதுடி. ஆனா அது அதுக்கு மொத நாளா இருக்குமோ?" என்று என்னிடமே கேட்டாள். ஒரு வாக்கியம் நான் சொன்னால் அவள் தூங்கியிருப்பாள். "வுடுக்கா, நடந்தது நடந்துபோச்சு," என்றேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மகள் தட்டைத் தள்ளினாள்.

"பெரிம்மா நேத்து என்ன இன்னா கேட்டாங்க தெரியுமா? 'நீ ஜன்னல்லதான இருந்த, நான் மெயினாண்ட போனத பாத்தியாடி'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"பாக்கலன்னேன். நான் பாக்கலதான். அது பொய் இல்ல." தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். "பொய்தாம்மா."

பொங்கல் கழிந்து பத்து நாளில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு வந்தது. வீட்டில் சோலார் பேனல், பேட்டரியோடு இணைத்த இன்வெர்ட்டர் எது வைத்திருந்தாலும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முன்பு போட்டதும் சேர்த்துத்தான். ஊராட்சி அலுவலகத்தில் முகாம். தானாக வந்து பதிகிறவர்கள்மேல் நடவடிக்கை இல்லை, வராதவர்கள் வீட்டு இணைப்பு துண்டிக்கப்படும்.

தம்பிக்குப் போன் செய்தேன். "எப்டி கனெக்ஷன்னு கேட்டா, இன்னும் குடுக்கல, சும்மா கட்டி வெச்சிருக்குன்னு சொல்லிடு யக்கா. நான் வந்து புதுசா நல்ல சுவிட்ச்சு போட்டுத் தர்றேன். ஒயர தூக்கிக் கடாசு," என்றான்.

முகாம் அன்று காலை அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "கெளம்புடி. உன்னுதையும் எழுதிடலாம். எனக்கும் அந்த விசாரணை இன்னா ஆச்சுன்னு கேக்கணும். ஒண்டியா போறதுக்கு ஒரு மாரியா கீது."

இரண்டு பேரும் நடந்தே போனோம். ஷாமியானாவுக்குக் கீழே வரிசை. ஈ.சி.ஆர். பக்கம் விடுதி வைத்திருக்கிறவர்கள், கோழிப் பண்ணைக்காரர், பள்ளிவாசல் தெருவில் கடை வைத்திருக்கும் பாய் எல்லாரும் ஆதார் நகலோடு நின்றார்கள். அக்கா எனக்குப் பின்னால் தன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வரிசையில் இருந்த பால்கார அம்மா அவளைப் பார்த்து, "உன்ன மாரி ஒரு மனசு யாருக்கு வரும் பெரியவளே? சாமி உன்ன நல்லா வைக்கும்," என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது.

என் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி. எத்தனை பேனல், எத்தனை பேட்டரி, எந்த மாதம் போட்டது என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள்.

"வீட்டு லைனோட எப்படி கனெக்ஷன் குடுத்திருக்கீங்க? லைன் கரண்ட்டும் இன்வெர்ட்டரும் சேராம பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கா?"

இன்னும் கொடுக்கவில்லை என்ற பதில் நாக்கில் தயாராக இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பதில். எனக்குப் பின்னால் அக்காவின் மூச்சு கேட்டது.

"சுவிட்ச் இல்ல மேடம். ரெண்டு பக்கமும் பின் வெச்ச ஒயர். பிளக் பாயிண்ட்ல சொருகுவேன்."

அவள் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, அது எவ்ளோ ஆபத்து தெரியுமா? மெயின ஆஃப் பண்ணிட்டுதானே சொருகுவீங்க?"

"எப்பவும் பண்ணுவேன். பொயலுக்கு மறுநாளு லைன்மேன் கம்பத்து மேல இருந்தாரே, அன்னிக்கி மட்டும் பண்ணல."

மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உறுத்தலும் இருந்தது, மகளின் முகமும் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் என் வாயைத் திறக்கவைத்தது பால்கார அம்மா சொன்ன வார்த்தை. அக்காவிடமிருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தாள். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். தெரு லைனோடு சேர்ந்திருந்தால் அந்தச் சின்ன இன்வெர்ட்டர் பாரம் தாங்காமல் அப்போதே நின்றிருக்கும் என்று அவர் சொன்னார். ஒயர் அறுந்து என் வீட்டோடு மட்டும் தனியாகத் தொங்கியதால்தான் அதன் கரண்ட் முழுவதும் அந்த முனையில் போய் நின்றிருக்கிறது. நான் எதனால் பயமில்லை என்று நினைத்தேனோ அதனால்தான் லைன்மேன் விழுந்தார்.

திரும்பினேன். அக்கா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ஆச்சுண்ணேன்னு சொன்னியே," என்றாள். சத்தமே இல்லை.

"சொன்னேன்."

"அப்போ நான் மெயின ஆஃப் பண்ணாட்டியும்..."

"உன்னுதுல ஒண்ணும் இல்லக்கா. மொதல்ல இருந்தே ஒண்ணும் இல்ல."

அவள் ஃபைலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசண்டி. தெனம் அவன் பொண்டாட்டி மூஞ்சில முழிச்சிகினு இருந்தேன். கொலகாரின்னு என்ன நானே சொல்லிகினு இருந்தேன். நீ செவுத்துக்கு இந்தாண்ட நின்னு பாத்துகினே இருந்த இல்ல?" அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெயிலில் நடந்து போனாள். நான் கூப்பிடவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அரிசி டிரம்மிலிருந்து ஒயரை எடுத்துக் கொடுத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டு இணைப்பை நிறுத்தினார்கள். நாலு பேனலும் பேட்டரியும் ஆபீஸ் வண்டியில் போயின. தானாக வந்து பதிந்தவர்களுக்கான சலுகை எனக்குப் பொருந்துமா, என்மேல் வழக்கு வருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. தம்பி என் போனை எடுப்பதில்லை. என் கணவர் வேனிலேயே படுத்துக்கொள்கிறார். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவர் கேட்கிற ஒரே கேள்வி. மகள் மட்டும் பக்கத்தில் வந்து படிக்கிறாள், எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில். முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மூன்றாம் நாளே அக்கா வீட்டு சீலை உடைத்து சோலாரைத் திரும்பக் கொடுத்தார்கள். அவள் மகன் மாடியில் ஏறிப் பேனல்களைக் கழுவினான். உப்புக் காற்றின் படலம் வழிந்து எங்கள் பக்கம் ஓடிவந்தது. அக்கா மாடிக்கு வரவில்லை. சுவருக்கு மேல் அவள் தலை தெரிவதில்லை.

ஒரு வாரம் கழித்துத் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு லைன்மேன் வீட்டுக்குப் போனேன். அதுவரை அந்த வாசலை நான் மிதித்ததில்லை. அக்காவின் செருப்பு வெளியே கிடந்தது. இனி அவள் வரவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் வந்திருந்தாள். உள்ளே அவள் ஏதோ சொல்வதும், அவர், "வலிக்குது தாயி, மெதுவா," என்று சிரிப்பதும் கேட்டது. விரல்களை மடக்கி நீட்டிப் பழக்குகிறார்கள் போலிருந்தது. சொல்லக் கூடாது, அந்த வாசலில் நின்றபோதும் எனக்கு முதலில் வந்தது அதே பழைய எரிச்சல்தான்: அவள் உள்ளே இருக்கிறாள்.

அவர் மனைவி வெளியே வந்தாள். நான் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நில்லு. அவரக் கேட்டுகினு வரேன்," என்று உள்ளே போனாள்.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு அவள் வந்து நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

"தூங்கறாரு."

"சரிம்மா. நாளைக்கு வரேன்," என்றேன்.

"நாளைக்கும் தூங்குவாரு."

"அப்போ நாளன்னிக்கு வரேன்," என்றேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை.